கட்டிதான் சாப்

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க சார், பரவால்ல. இந்தப் பையை மட்டும் மடியில வச்சுக்கணும், உள்ள இருக்கறது மடங்கிடக் கூடாது. குடியாத்தம் வரைக்கும்தானே? அப்ப அம்பது நிமிஷம். ரயில்வே கேட் போட்டான்னா ஒரு மணி நேரம். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. ஒரு கதை சொல்றேன், கேளுங்க. வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. ஆனா சிரிப்பு கடைசியில இருக்கு. நடுவுல வந்தா அடக்கிக்குங்க. நான் 'இப்ப'ன்னு சொல்லுவேன், அப்பதான் சிரிக்கணும். முன்னாடியே சிரிச்சிட்டா எனக்குக் கணக்குத் தப்பிடும்.

எதுக்குன்னா, பன்னண்டு மணிக்கு டவுன்ல பலகுரல் போட்டி. ஒரு ஆளுக்கு எட்டு நிமிஷம். ஜெயிச்சா சென்னையில அடுத்த ரவுண்டு. மத்த பசங்க எல்லாம் நடிகர் குரல் செய்வாங்க, நாய் பூனை செய்வாங்க, ரயில் விடுவாங்க. நான் எங்க ஊரையே மேடை ஏத்தப் போறேன். மேலாலங்குப்பத்துல நான் செய்யாத குரல் கிடையாது. என் பேரு கிருபாகரன், ஆனா ரேடியோன்னாதான் தெரியும். ஹெட்மாஸ்டர் குரல்ல ஒரு நாள் மதியம் மைக்குல லீவு விட்டேன், பாதி ஸ்கூல் கேட்டைத் தாண்டிடுச்சு. இருங்க, இந்தக் கண்டக்டரைப் பாருங்க. 'உள்ள போ, உள்ள போ, படியில இன்னா வேல, உள்ள இன்னா பாம்பா கீது?'

பாத்தீங்களா, திரும்பிப் பாக்கறாரு. தான்தான் பேசினோமான்னு அவருக்கே சந்தேகம்.

உங்க குரல்தான் சார் இன்னும் பிடிபடல. ஏறினதுலேர்ந்து 'உக்காரு', 'ம்', ரெண்டே வார்த்தை. எங்க ஊர் ஸ்டாப்புல ஏறினீங்க, எங்க ஊர் ஆள் இல்ல. பாலிஷ் போட்ட ஷூ, நாடா கட்டின ஃபைலு, சீட்டுல சாயாம உக்காந்திருக்கீங்க. இன்சூரன்ஸா? சரி, இன்சூரன்ஸ்னே வச்சுக்கறேன்.

கதைக்கு வர்றேன். எங்க எதிர் வீட்டுல அவுல்தார் துளசிங்கம்னு ஒருத்தர்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? தெரியுமா அவரை? தெரியாதா. சரி.

எழுபத்தாறு வயசு. மிலிட்டரியில இருந்தாரு. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரிதான், அதனால மிலிட்டரின்னா யாரும் எழுந்து நிக்கமாட்டாங்க. இவரு எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டையில இருந்தவரு. இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடப்பாரு. கேட்டா, 'இரும்பு உள்ள இருக்குதுடா, குண்டுத் தகடு'ம்பாரு. ஆனா மிலிட்டரி பேப்பர்ல இன்னா போட்டிருக்கு தெரியுமா? கட்டி. உக்காற இடத்துல கட்டி. கீறி சீழ் எடுத்தாச்சு, ஆள் நல்லாயிட்டான், அனுப்பு. அவ்வளவுதான் பேப்பர். அவரு கூட வேலை பாத்த ஆள் ஒருத்தரு லீவுல வந்தப்ப ஊர்ல சொல்லிட்டாரு. அதுலேர்ந்து அம்பது வருஷமா அவரு பேரு கட்டி அவுல்தார். அவரு சம்சாரமே சாகற வரைக்கும் கட்டின்னுதான் நெனச்சிச்சாம். பெண்டாட்டியே நம்பாத இரும்பு சார்.

இருங்க, சிரிக்காதீங்க. ஓ, நீங்க சிரிக்கல. நல்லது.

போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு. எக்ஸ்ரே எடுத்தாங்க. பாத்தா நிஜமாவே இடுப்பு எலும்புக்குப் பின்னாடி ஒரு இரும்பு. புளியங்கொட்டை சைஸு. மனுஷன் விழுந்த வலியெல்லாம் மறந்துட்டாரு. எக்ஸ்ரேவைத் தூக்கிக்கிட்டு டீக்கடை, ரேஷன் கடை, எங்க வீடு, எல்லா இடமும் போனாரு. வெளிச்சத்துல புடிச்சு, 'பாரு, இது கட்டியா? பாத்துச் சொல்லு, இது கட்டியா?' எங்க அம்மா, 'ஆமாங்க மாமா, இரும்புதான்'னு சொல்லிட்டு உள்ள வந்து சிரிச்சாங்க. டீக்கடையில ஒருத்தரு, 'அவுல்தாரே, சின்ன வயசுல ஆணி முழுங்கியிருப்பே'ன்னாரு.

அப்புறம்தான் மனு போட்டாரு. சண்டையில அடிபட்டவங்களுக்கு ஒரு மெடல் உண்டாமே சார், காயத்துக்கு. அது எனக்கும் வேணும்னு. பென்ஷன் ஒரு ரூபா ஏறாதாம், வெறும் மெடல்தான். எங்க அப்பா கேட்டாரு, 'இத்தினி வருஷம் கழிச்சு எதுக்கு மாமா?' அதுக்கு அவரு, இருங்க, அவரு குரல்லயே சொல்றேன், தொண்டையை அடியில இறக்கணும், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கால் ஊனணும்: 'மெடலை இன்னா, நான் சட்டையில குத்திக்கினு டீக்கடைக்கா போவப் போறேன்? பேப்பர்ல கட்டின்னு கீதே, அதை அடிக்கணும். அடிச்சிட்டுக் காயம்னு எழுதணும். நான் போறதுக்குள்ள.'

எப்படி? அவரே பேசற மாதிரி இல்ல? ஏன் சார் கண்ணை மூடிக்கிட்டீங்க? நல்லா கேக்கறதுக்கா. சரி.

மனுவுக்குப் பதில் வந்துச்சு. பழைய விஷயம், ஆவணம் வேற மாதிரி இருக்கு, அதனால உங்களை போன்ல விசாரிப்போம்னு. போன்ல விசாரிப்போம். இந்த ஒரு வரி போதாதா எனக்கு?

அந்த லெட்டர் வந்த அன்னைக்கே அவரு போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டாரு. குளிக்கப் போனாலும் கொடியில தொங்கும். எங்க சித்தப்பா விட்டுட்டுப் போன பழைய சிம் ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. எங்க மொட்டை மாடியில தண்ணி டேங்குக்குப் பின்னாடி உக்காந்தா அவரு வாசல் நேராத் தெரியும். நம்பரைப் போட்டேன்.

மேஜர் குல்கர்னி. நான் வச்ச பேரு. ஹிந்தி எனக்கு எங்கேர்ந்து வரும்? பஸ் ஸ்டாண்டுல பானிபூரி விக்கறாரே, பீகார்காரரு, அவரைத்தான் அப்படியே எடுத்து மேஜருக்குப் போட்டேன். கொஞ்சம் விட்டா, 'காரம் வேணுமா, ஸ்வீட் வேணுமா'ன்னு கேட்டிருப்பேன். ரெண்டு வரி ஹிந்தி, அப்புறம், 'ஹம் டமில் ஜவான் கூட இருந்தான். ஹம் டமில் மாலூம். துல்சிங்கம், நீ டமில்ல பேசு.'

சார், அந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? 'ஒரு நிமிஷம் சாப்'னாரு. உள்ள போனாரு. லுங்கியை அவுத்து பேண்ட்டு போட்டு, சட்டை போட்டு, டிரங்குப் பெட்டியில இருக்கற பச்சைத் தொப்பியைப் போட்டுக்கிட்டு வெளிய வந்தாரு. போன்ல. பாக்க யாரும் இல்ல. வாசல்ல விறைப்பா நின்னு நம்பர், ரேங்க், பேரு. வெயில் மண்டையைப் பொளக்குது. நான் பாட்டுக்கு 'ஹோல்ட் பண்ணு, ஃபைல் தேடறான்'னு சொல்லி இருபது நிமிஷம் நிக்க வச்சேன். ஆடலியே, அசையலியே. நான் டேங்குக்குப் பின்னாடி வாயில துண்டைத் திணிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

ரெண்டாவது போன் அடுத்த வாரம். அதுலதான் ஒரு கண்டம். பேசிக்கிட்டே இருக்கேன், எங்க ஊர் ரைஸ் மில்லுல பன்னண்டு மணிச் சங்கு ஊதிட்டான். அவரு வாசல்லயும் கேக்குது, என் போன் வழியாவும் அவருக்குக் கேக்குது. செத்தோம்னு நெனச்சேன். அவரு போனைக் காதுலேர்ந்து எடுத்து ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் மெதுவா, 'சாப், உங்க ஆபீஸ்லயும் பன்னண்டு மணிக்குச் சங்கு ஊதுவாங்களா?' நான் டக்குன்னு, 'மிலிட்டரியில எல்லா இடத்துலயும் ஊதும், துல்சிங்கம்'னேன். 'அப்படிங்களா சாப்'னுட்டாரு. நம்பிட்டாரு. அவ்வளவு பெரிய சண்டையில இருந்தவரு, இதை நம்பறாரு.

ஆனா ஒண்ணு, வயசானவங்களுக்கு எதுலயும் ஒரு வாரத்துக்கு மேல சுறுசுறுப்பு இருக்காது. அதுக்கப்புறம் போன் பண்ணா தொப்பி கிடையாது, பேண்ட் கிடையாது. லுங்கியோட படியில உக்காந்துக்கிட்டே, 'சொல்லுங்க சாப்.' சோம்பேறித்தனம். எனக்குப் பாதி சீன் போச்சு.

அதனால ஹிந்தியை ஏத்தினேன். அங்கதான் சார் என் மூளையைப் பாக்கணும். யார்கிட்டக் கத்துக்கிட்டேன்னு நெனக்கிறீங்க? அவர்கிட்டயேதான். சாயங்காலம் அவரு வாசல்ல போயி, 'தாத்தா, ரயில்வே பரீட்சைக்குப் படிக்கறேன், விசாரணைக்கு ஹிந்தியில இன்னா?' 'ஜாஞ்ச். மூக்கால சொல்லணும். ஜாஞ்ச். எங்கே சொல்லு.' சொன்னேன். 'இன்னும் மூக்கு வேணும்'னாரு. 'காயத்துக்கு இன்னா தாத்தா?' கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தாரு. 'காயத்துக்கு காவ். ஜக்கம்னும் சொல்லலாம். ரெண்டையும் நெனப்புல வச்சுக்க, உபயோகப்படும்'னாரு. அவரு குடுத்த ஹிந்தியை மறுநாள் அவரு மேலயே விட்டேன். இதுக்கு மேல ஒரு ஏமாத்து உலகத்துல உண்டா?

சிரிக்கல இல்ல? உதட்டைக் கடிச்சிருக்கீங்க. அப்படியே வச்சுக்குங்க, நெருங்கிட்டோம்.

மூணாவது போன்ல எனக்குச் சரக்கு தீந்து போச்சு. என்ன கேக்கறதுன்னு தெரியாம, 'துல்சிங்கம், காவ் எப்படி ஆச்சு, முழுசா பதா, சொல்லு'ன்னேன். தப்பு பண்ணிட்டேன். இருபத்தஞ்சு நிமிஷம் சார். எனக்குக் கொட்டாவி வந்துடுச்சு. மேடையில இதைச் சுத்தமா வெட்டிடுவேன், ஒரு இடத்துல கூட சிரிப்பு இல்ல. உங்களுக்கு வேணுமா? வேணுமா. சரி, நேரம் இருக்கு. ஒரு தடவை கேட்டா எனக்கு வார்த்தை மாறாது.

'சாப், ஒவ்வொரு ஜவானுக்கும் பாக்கெட்டுல ஒரு பேண்டேஜ் பொட்டலம் குடுப்பாங்க, சீல் வச்சு. ஒருத்தனுக்கு ஒண்ணுதான். அடிபட்டவனுக்கு அவன் பாக்கெட்டுல இருக்கறதைத்தான் எடுத்துக் கட்டணும். உன்னோடதை எடுக்கக் கூடாது. உன்னோடது உனக்கு. அது உத்தரவு. பொன்னுரங்கம்னு ஒருத்தன் சாப், நம்ம ஆம்பூர்ப் பக்கம். பாலத்தண்ட அவனுக்கு வயித்துல பட்டுது. அவன் பொட்டலத்தைப் பிரிச்சுக் கட்டினேன். கட்டி முடிக்கறதுக்குள்ள நனைஞ்சு போச்சு. "துளசி, இன்னொண்ணு கட்றா"ன்னான். கூடாதுன்னு தெரியும். என்னோடதையும் பிரிச்சேன். அவன் மத்தியானத்துக்குள்ள போயிட்டான். ரெண்டு பொட்டலமும் அவனோட போச்சு.

'மறுநாள் எனக்கு. பின்னாடி, இடுப்புக்குக் கீழ. சூடா யாரோ தொட்ட மாதிரி இருந்துச்சு. பாக்கெட்டுல கையை விட்டேன், காலி. யார்கிட்டயும் சொல்லல சாப். சொன்னா உன் பொட்டலம் எங்கடான்னு கேப்பாங்க. பொன்னுரங்கத்துக்குக் கட்டிட்டேன்னா, அவன்தான் செத்துட்டானே, எதுக்குக் கட்டினேம்பாங்க. அதுவும் இல்லாம பத்து பேர்ல ஆறு பேருதான் மிச்சம். நானும் போயிட்டா அஞ்சு. பனியனைக் கிழிச்சுக் கட்டிக்கினேன். மூணு வாரம். சண்டையே நின்னு போச்சு. அப்புறம்தான் ஜுரம், நடக்க முடியல. ஆஸ்பத்திரியில டாக்டர் சாப் சின்னப் பையன். கீறி விட்டாரு, ஒரு கிண்ணம் சீழ். கட்டின்னு எழுதினாரு. நான் படுத்துக்கினே பாத்தேன், அவரு எழுதறதை. அப்பவே வாயைத் தொறந்திருக்கணும். தொறக்கல. வூட்டுக்குப் போனா பொன்னுரங்கம் அம்மாவைப் பாக்கப் போவணுமேன்னு அதே நெனப்பா இருந்தேன். ஒரு வார்த்தை சாப். அதுக்குள்ள எழுதி முடிச்சிட்டாரு.'

இவ்வளவும் சொல்லிட்டு அவரு கடைசியா, 'இத்தினி வருஷத்துல எப்படி ஆச்சுன்னு என்னை யாரும் கேக்கல சாப். நீங்கதான் கேட்டீங்க. நல்லாருங்க'ன்னாரு. மேஜரைப் போயி நல்லாருங்கன்னு சொல்றாரு சார், சின்னப் பையனுக்குச் சொல்ற மாதிரி. நான் 'டீக் ஹை'ன்னுட்டுக் கட் பண்ணேன். கை கடுத்துப் போச்சு.

தண்ணி குடிக்கிறீங்களா சார்? வேணாமா.

நாலாவதுதான் சூப்பர் ஹிட்டு. அதுக்கு என் கிளாஸ் பசங்க சஞ்சீவி, டேனியல் ரெண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிட்டு வந்தேன். ஸ்பீக்கர்ல போட்டோம். டேனியல் ரெக்கார்ட் பண்ணான். மேஜர் சொல்றாரு: 'துல்சிங்கம், ஃபைல்ல கட்டின்னு இருக்கு. ஃபைல் பொய் சொல்லாது. மாத்தணும்னா முதல்ல நீ ஃபைலை ஒத்துக்கணும். அதான் ரூலு. மூணு தடவை சொல்லு, கட்டிதான் சாப்.'

அவரு படியிலேர்ந்து எழுந்து தெருவுக்கு வந்து நின்னாரு. எங்க மாடிப் பக்கமா அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாரு. வெயில் எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கறாருன்னு நெனச்சேன். நாங்க மூணு பேரும் டேங்குக்குப் பின்னாடி மூச்சு விடல. அப்புறம் சொன்னாரு. 'கட்டிதான் சாப். கட்டிதான் சாப். கட்டிதான் சாப்.' நிறுத்தி நிறுத்தி. சஞ்சீவி மாடியில உருண்டான். டேனியல் அதை ரிங்டோனாவே வச்சுட்டான். மறுநாள் ஸ்கூல் பூரா அதான். அவரு ரேஷன் கடைக்குப் போனா சின்னப் பசங்க பின்னாடியே, 'கட்டிதான் சாப்.' எங்கேர்ந்து வெளிய வந்துச்சுன்னு அவருக்கு மட்டும் தெரியாது. யாரையும் திட்டல. காலை இழுத்துக்கிட்டுப் போயிக்கிட்டே இருப்பாரு.

இப்பதான் சார் சிரிப்பு வருது. தயாரா இருங்க.

போன வியாழக்கிழமை. எனக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்கூல்ல. போன் வீட்டுல பீரோவுக்குள்ள, சிம்மே கழட்டி வச்சிருந்தேன். புரியுதுங்களா? நான் போனே பண்ணல. சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றேன், தாத்தா வாசல்ல நிக்கறாரு. 'கிருபா, இன்னைக்கு மேஜர் சாப் பேசினாரு'ங்கறாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. 'அப்படியா தாத்தா, இன்னா சொன்னாரு?' அதுக்கு அவரு சிரிச்சுக்கிட்டே, 'ஹிந்தி நல்லாத் தேறிடுச்சுடா அவருக்கு. மூக்கு சுத்தமா வருது'ங்கறாரு.

நான் பண்ணவே இல்லாத போன். அவரு பேசியிருக்காரு. மண்டைக்குள்ள தானா மணி அடிக்குது, தானா மேஜர் வர்றாரு. கதையை ஆரம்பிச்சு வச்சது நானு, இப்ப நான் இல்லாமயே அது ஓடுது. மெஷின் மாதிரி. மூளை கழண்டு போச்சு சார் மனுஷனுக்கு. இதான் முடிவு. மேடையில இந்த இடத்துல லைட்டை அணைச்சுட்டு எக்ஸ்ரேவைக் காட்டுவேன்.

இப்ப. இப்ப சிரிக்கலாம்.

சார்?

சிரிப்பு வரலியா. எங்க விட்டேன்? தொப்பியைக் கொஞ்சம் குறைக்கணுமோ. சில பேருக்கு எக்ஸ்ரேவைப் பாத்தாதான் வரும். இருங்க, இதோ, இதுக்குத்தான் பையை மடங்காம வச்சிருக்கேன். ஒரிஜினல் சார். ஜன்னல்ல வச்சுப் பாருங்க. இங்க, எலும்புக்குப் பின்னாடி வெள்ளையா. புளியங்கொட்டை. எப்படிக் கிடைச்சுதுன்னா, கிரகணம் பாக்கணும் தாத்தா, அடுத்த வாரம் வருதுன்னு ஒரு புளுகு விட்டு வச்சிருந்தேன். நாலு நாளா தரமாட்டேன்னாரு. 'அது ஒண்ணுதான்டா எங்கிட்ட கீது'ன்னாரு. இன்னைக்குக் காலையில பஸ்ஸுக்குக் கிளம்பறேன், அவராவே கூப்பிட்டுக் கையில குடுக்கறாரு. 'வச்சுக்க. எனக்கு இனிமே உதவாது. பாத்துப் பாரு, கண்ணு பத்திரம்'னாரு. நல்லாத்தான் இருந்தாரு. சட்டை பேண்ட்டெல்லாம் போட்டு, தொப்பி வச்சு, தெருவுல ஒரு சேரு, சேருக்குக் கீழ ரெண்டு காபி டம்ளரு. யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க போல. யாரு வரப் போறாங்க அவரைத் தேடி.

கேட் போட்டுட்டான். பாருங்க, வண்டியை ஆஃப் பண்ணிட்டாரு. கூட்ஸு போகணும், பத்து நிமிஷம்.

என்ன சார்? வியாழக்கிழமை மணி எத்தனையா? எனக்கு எப்படித் தெரியும், நான்தான் பேசலியே. பதினொண்ணேகாலா? அது உங்களுக்கு எப்படி...

உங்க குரல் இப்பதான் சார் கேக்குது. நல்ல கணீர்னு இருக்கு. நீங்களும் மிலிட்டரியா?

இது என்ன பேப்பரு? படிக்கணுமா? அவரு குரல்லயா? எதுக்கு சார்? சரி சார். படிக்கறேன். கையைப் பிடிக்காதீங்க, படிக்கறேன்.

'காயப் பதக்கம் கோரி நான் அளித்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 1971 டிசம்பரில் எனக்கு ஏற்பட்டது போர்க்காயம் அல்ல. மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ளபடி அது...'

அது கட்டிதான்.

'இதைக் கடந்த வியாழக்கிழமை தொலைபேசியில் விசாரித்த அலுவலரிடம் மூன்று முறை...' சார், யாரு விசாரிச்சது? உங்க ஆபீசரா? நிஜ ஆபீசரா? நீங்க பக்கத்துல இருந்தீங்களா? 'காயம் எப்படி ஆச்சு'ன்னு கேட்டதும் இவரு கட்டிதான் சாப், கட்டிதான் சாப், கட்டிதான் சாப்னு... கடைசியில இன்னா சொன்னாரு? இன்னொரு தடவை சொல்லுங்க சார்.

'போதும்டா கண்ணு, போயிப் பரீட்சைக்குப் படி.'

அப்படியா சொன்னாரு? ஆபீசர்கிட்டயா? அதைக் கேட்டுட்டுத்தான் நீங்க நேர்ல விசாரிக்க வந்தீங்களா?

படிக்கறேன் சார், படிக்கறேன். அவரு குரல் வர மாட்டேங்குது. இருங்க. 'அவ்வாறு கூறும்படி என்னை எவரும் தூண்டவில்லை. அலுவலர் பேரில் எவரும் என்னிடம் பேசி ஏமாற்றவில்லை. எனக்கு யார் மீதும் புகார் இல்லை.' கீழ நம்பரு, ரேங்க்கு, பேரு. இன்னைக்குத் தேதி. அவரு கையெழுத்துதான். 'கி' போட்டு அடிச்சிருக்கு பாருங்க ஒரு இடத்துல, புகாருக்குப் பக்கத்துல, ஏதோ எழுத வந்து அடிச்சிருக்காரு.

நீங்க கேட்டீங்களா சார், எவன்டா ஏமாத்தினதுன்னு? பேரைச் சொல்லுங்க, போலீஸ்ல குடுத்துடலாம்னு கேட்டீங்களா? அவரு ஒண்ணும் சொல்லலியா? காபி மட்டும் ஆத்திக் குடுத்தாரா?

அந்த இன்னொரு டம்ளரு உங்களுதா?

அப்ப அவருக்குத் தெரியும். வியாழக்கிழமை பேசினது நான்னு நெனச்சுத்தான் அவரு... ஹிந்தி தேறிடுச்சுன்னு எனக்குத்தான் சொன்னாரு. எப்பத்துலேர்ந்து சார் தெரியும் அவருக்கு? நாலாவது போன்லயா? மாடியைப் பாத்தாரே. இல்ல, மூணாவதுலயா? நல்லாருங்கன்னாரே. ஜாஞ்ச் சொல்லிக் குடுத்தாரே.

சங்கு.

சார், சங்கு ஊதினதுக்கப்புறம் அவரு தொப்பியே போடல சார்.

இன்னைக்குக் காலையில போட்டிருந்தாரு.